பாத்திக்குக் கரை தேடி

பெங்களூர்க் கண்டோன்மெண்ட் நிலையத்திலிருந்து கூப்பிடு தொலைவில் இருக்கின்றது நாங்கள் குடியிருக்கும் ரயில்வே குடியிருப்பு. இரண்டு அறைகள், ஒரு சமையற்கட்டு, பின்புறம் ஒரு துவைகல், அதனையடுத்து 16 அடி நீளமும் 9 அடி அகலமும் உள்ள ஒரு துண்டு நிலம். அந்தத் துண்டு நிலத்தின்பொருட்டு இந்நகரத்தையும் இதன் சுற்றுப்புறத்தையும் ஏறத்தாழ நான்கு மாத காலம் நான் சுற்றி வந்த கதையையே அன்பர்களுக்கு எழுதத் துணிந்தேன். ஊர் பார்க்க வருகின்றவர்கள் லால்பாக்கையும் விதான சௌதாவையும் நிமிர்ந்து பார்ப்பார்கள். நானும் போய்ப் பார்த்தேன்; ஆனால் குனிந்த தலையோடு, பாத்தியின் ஓரத்தில் என்ன வைத்திருக்கின்றார்கள் என்று பார்த்துக்கொண்டே போனேன். தோட்டக் காவலர் ஒருவர் எதையோ தொலைத்துவிட்டேன் என்று எண்ணிக் கூடவே தேடவும் தொடங்கிவிட்டார்.

என் தாயார் திருப்பத்தூரை அடுத்த ஒரு சிற்றூரில் 50 ஆண்டுகள் மண்ணோடு வாழ்ந்தவர். ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம். நிலக்கடலையும் அவரையும் கொள்ளும் விளைந்த மண். தந்தையார் காலமான பின்பு தனியே இருக்க வேண்டாமென்று நான்தான் வற்புறுத்தி இங்கே அழைத்து வந்தேன். வந்த முதலாண்டு முழுவதும் அவர் வாசற்படியில் அமர்ந்து வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். திருப்பத்தூர்ப் பக்கம் போகும் வண்டி எது, வரும் வண்டி எது என்பது ஆறு மாதத்திற்குள் என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. ஒருநாள் என் மனைவி வாங்கி வந்த கீரைக்கட்டைப் பிரித்து ஆய்ந்துகொண்டே, "காசு குடுத்துக் கீரை வாங்கித் திங்கற காலமும் வந்துடுச்சு. ஒரு பிடி மண்ணு இல்லாத ஊருக்கு இட்டுக்கினு வந்துட்டியேடா" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதேனும் பதில் சொல்லி மறந்திருப்பேன். அவர் கீரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

மண் இல்லாமல் இல்லை. கொல்லையில் மண்வெட்டியை வைத்துப் பார்த்தேன். ஒரு சாண் ஆழத்திற்குக் கீழே உடைந்த செங்கல், சுண்ணாம்புக் காரை, அதற்கும் கீழே கருங்கரித் துண்டுகள். இந்தப் பாதை ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மெண்ட்டுக்கு 1864ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. நீராவி எஞ்சின்கள் ஓடிய காலமெல்லாம் கக்கிய சாம்பலில் ஒரு பங்கு எங்கள் கொல்லையிலும் வந்து படிந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட மண்ணில் பூச்செடி வைக்கலாம். குழந்தைகள் உண்ணும் கீரை வைக்க மனம் ஒப்பவில்லை. ஆகவே நல்ல மண்ணை வெளியிலிருந்து கொணர்ந்து, மேலே கொட்டி, மேட்டுப்பாத்தியாக்குவதே வழியென்று முடிவு செய்தேன். கொட்டிய மண் நிற்க வேண்டுமானால் நாற்புறமும் கரை வேண்டும். இந்தக் கரையில்தான் எல்லாத் தொல்லையும் தொடங்கிற்று.

முதல்முறை சிக்கனமாகச் செய்வதாக எண்ணி ஏமாந்தேன். பக்கத்தில் கட்டிடவேலை முடிந்த இடத்தில் சாரத்திற்குக் கட்டிய சவுக்குக் கழிகளை மலிவாகக் கொடுத்தார்கள். முளையடித்து, கழிகளைக் குறுக்கே கட்டி, இடுக்குகளில் மூங்கிற் பிளாச்சு செருகி, மண்ணை நிரப்பிவிட்டேன். செலவு 700 ரூபாய். பார்வைக்கு ஊர்த் தோட்டத்து வேலி போலவே இருந்தது. தாயார் அன்றே தண்டுக்கீரை தெளித்தார். முதல் ஆண்டு கீரையும் கத்தரியும் நன்றாகவே வந்தன. மண்ணோடு ஒட்டிய மரத்தில் கரையான் ஏறும் என்பது உழவர் மகனான எனக்குத் தெரியாததன்று; ஓரிரு ஆண்டு தாங்காதா என்ற நப்பாசைதான். மறு ஆண்டு செப்டம்பரில் அடைமழை. பெங்களூரில் மழை மிகுந்த மாதம் அதுவே. ஒருநாட் காலை மழை விட்ட நேரத்தில் தாயார் களை பறிக்கக் கரைக்கழியைப் பற்றி அமர முயன்றார். கழி உள்ளே கூடாகிப் போயிருந்தது. கழியும் மண்ணும் கத்தரிச் செடியும் அவருமாகச் சரிந்தார்கள்.

எலும்பு முறியவில்லை, அது இறைவன் அருள். முழங்காலும் இடுப்பும் வீங்கிவிட்டன. மூன்று வாரம் படுக்கை. அதற்குப் பின்பு அவர் கொல்லைப்பக்கமே போகவில்லை. "மண்ணை வாரிக் கொட்டிடு, துணி காயப்போட எடமாவது ஆவும்" என்றார். மறுபடியும் வாசற்படி, மறுபடியும் வண்டி எண்ணிக்கை. என் ஏழு வயது மகன், "ஆயா ஏன்ப்பா தோட்டத்துக்கு வரமாட்டேங்குது?" என்று கேட்டபோது, எழுநூறு ரூபாயில் வேலையை முடித்துவிட்டேன் என்று அலுவலகத்தில் நான் பெருமை பேசியது நினைவுக்கு வந்தது.

இரண்டாம் முறை அவசரப்படவில்லை. கரைக்கு மூன்று நிபந்தனைகள் வகுத்துக்கொண்டேன். செலவு, கூலியும் வண்டிவாடகையும் உட்பட, 3,500 ரூபாய்க்கு மேற்படலாகாது. அந்த மாதத்தில் நான் ஒதுக்கக்கூடிய தொகை அவ்வளவே. அடுத்து, சிமெண்டுப் பூச்சு இல்லாமல் அடுக்கி வைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். குடியிருப்பு அரசாங்கத்துடையது, மாற்றல் உத்தரவு வந்தால் நிலத்தை முன்பிருந்தபடியே ஒப்படைக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனைதான் கடுமையானது. முழங்கால் மடங்காத ஒரு மூதாட்டி அதன்மேல் அச்சமின்றி உட்கார வேண்டும்.

லால்பாக்கிலிருந்து தொடங்கினேன். ஐதர் அலி 1760இல் அமைத்த தோட்டம். இன்று 240 ஏக்கர் பரப்பு. குடியரசு நாளையும் சுதந்திர நாளையும் ஒட்டி நடக்கும் மலர்க்காட்சிக்கு நம்மவர் குடும்பத்தோடு போகாத ஆண்டில்லை. ஆனால் கண்ணாடி மாளிகைக்கு வரிசையில் நிற்கும் நாம், அங்கேயே கிடக்கும் பெரும்பாறையைச் சறுக்குமரமாகத்தான் பயன்படுத்துகின்றோம். அந்தப் பாறையின் வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டு என்று கணக்கிட்டு, இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையினர் அதனைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கின்றனர். பெங்களூர் நகரமே இவ்வகைப் பாறையின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றது. கருமையும் வெண்மையும் வரிவரியாக ஓடும் அந்தக் கல்லைத் தடவிப் பார்த்தபோது, கல் கிடைக்கும் ஊரில் இருந்துகொண்டு கழியைத் தேடிப் போனேனே என்று தோன்றிற்று. அப்படித் தோன்றியும் அடுத்த இரண்டு மாதம் வேறு பொருள்களைத் தேடி அலைந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்நகரத்தின் பழைய தோட்டக்காரர்கள் திகளர் என்னும் வகுப்பினர். தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லப்படுகின்ற அவர்களே ஆண்டுதோறும் சித்திரைப் பௌர்ணமியில் தருமராயர் கோயிற் கரகத்தை எடுக்கின்றவர்கள். லால்பாக்கை அடுத்த சித்தாபுரத்து நாற்றுப் பண்ணை ஒன்றில் அவ்வகுப்பைச் சேர்ந்த ஒரு பெரியவரிடம் என் மேட்டுப்பாத்தியைப் பற்றிச் சொன்னேன். கன்னடமும் தமிழும் கலந்த பேச்சில் அவர் சிரித்துவிட்டார். தண்ணீர் குறைந்த நாட்டில் பாத்தியைத் தாழ்த்தி வரப்பை உயர்த்துவதுதான் முறை. பாத்தியையே உயர்த்தினால் கோடையில் மண் காய்ந்து போகுமே என்றார். உண்மையான பேச்சு. என் கொல்லையின் நிலையையும் தாயாரின் முழங்காலையும் விளக்கிய பிறகு, "அப்படியானால் உயர்த்து, ஆனால் மேலே சருகைப் போட்டு மூடிவை" என்று சொல்லியனுப்பினார். அந்த மூடாக்குப் பேச்சைப் பின்னர் நன்றியோடு நினைத்தேன்.

இனி நம் சொந்தத் துறைக்கு வருவோம். இரயில் நிலையத்துப் பூந்தோட்டங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். செங்கற்களை அரைக்கால் புதைத்து, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தாற்போல் நிறுத்தி, காவியும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பூசிய பல்வரிசைக் கரை. அல்லது சுண்ணாம்படித்த உருண்டைக் கற்கள். பூவுக்கு அது போதும். நான்கு அங்குல மண்ணைத் தாங்கும். பதினாறு அங்குல மண்ணைத் தாங்காது. உட்காருவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

நண்பர் ஒருவர், "சிலிப்பர் கட்டை போடக்கூடாதா? அதுதான் நம் கையிலிருக்கின்றதே" என்றார். கையில் இருப்பதும் நம்முடையதும் ஒன்றல்ல. இரயில்வேயின் பொருளை உரிமையின்றி வைத்திருத்தலே குற்றமென்று 1966ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கின்றது. கழிவுப் பொருளானாலும் ஏலத்தில் எடுத்தால்தான் நமக்கு உரிமை. சட்டம் ஒருபுறமிருக்க, முறையாக ஏலத்தில் எடுத்தவரிடம் வாங்கினாலும் அந்தக் கட்டை காய்கறிப் பாத்திக்கு ஆகாது. பாதையில் கிடந்த மரக்கட்டைகள் பலவும் கரையானும் பூசணமும் அணுகாதிருக்கக் கிரியோசோட் என்னும் தார் எண்ணெயை அழுத்தமாக ஏற்றப்பட்டவை. அந்த எண்ணெய் ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசியும். வெயிற்காலத்தில் மேலே கருமையாகப் பூக்கும். தோலில் பட்டால் எரிச்சல் தரும். அதில் புற்றுநோயை விளைவிக்கும் பொருள்கள் உள்ளன என்பதால், ஐரோப்பிய நாடுகளில் பொதுமக்களுக்கு அதனை விற்பதை 2003இல் தடுத்துவிட்டார்கள். இங்கிலாந்தில் தோட்டத்துக்கு அழகென்று பழைய சிலிப்பர் கட்டைகளை வாங்கிப் போட்டவர்கள் பலர். அந்தப் படங்களைப் பார்த்து நம்மூரிலும் சிலர் ஆசைப்படுகின்றார்கள். இப்போது பாதையில் கிடப்பவை பெரும்பாலும் கான்கிரீட் கட்டைகள். அவற்றில் நஞ்சில்லை, ஒன்று 250 கிலோவுக்கு மேற்பட்ட எடை என்பதால் திருடுவாரும் இல்லை.

இடிக்கப்பட்ட பழைய வீடுகளின் கதவு நிலைகளும் சட்டங்களும் விற்கின்ற கடைகளில் ஒரு ஞாயிறு முழுவதும் கழித்தேன். நல்ல தேக்கு, வயிரம் பாய்ந்த மரம். ஆனால் அதன்மேல் அடுக்கடுக்காக உரியும் பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டு வர்ணத்தில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2016இல்தான் வந்தது. அதற்கு முந்திய வர்ணத்தை நம்பிக் கீரைப்பாத்தியில் வைக்கலாகாது என்று விட்டுவிட்டேன். உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளை இலவசமாகவே எடுத்துப் போகச் சொன்னார் ஒருவர். வெட்டும்போதும் உடையும்போதும் எழும் தூசு நுரையீரலைக் கெடுப்பது. பிள்ளைகள் விளையாடும் இடத்தில் அது எதற்கு? லாரி டயர்களும் கிடைத்தன. அவற்றில் மண் நிரப்பிச் செடி வைப்பவர்கள் உண்டு, என் தாயார், "வண்டிச் சக்கரத்துல சோறு வெளையுமாடா?" என்ற ஒரே கேள்வியில் அதனை முடித்துவிட்டார். படுக்கையை விட்டு எழுந்தபின் தோட்டத்தைப் பற்றி அவர் வாய்திறந்தது அதுவே முதல்முறை. எனக்கு அது பெரிய ஊக்கம்.

செங்கல் பார்ப்பதற்காக மகனை அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலூருக்குப் போனேன். பங்காரப்பேட்டை வண்டியில் ஏறினால் கிருஷ்ணராஜபுரம், ஒயிட்பீல்டு, தேவனகொந்தி கடந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் மாலூர். ஒயிட்பீல்டு வரையில் கண்ணாடிக் கட்டிடங்கள் கூடவே ஓடிவரும். அதற்குப் பிறகு தைல மரங்களும் செம்மண்ணும் ஏரிகளும். நம்மவர் ஊருக்குப் போகும்போது தூங்கிக்கொண்டே கடக்கின்ற நாடு இது. செங்கல்லுக்கும் ஓட்டுக்கும் பெங்களூரார் மாலூரைத்தான் சொல்வார்கள். மங்களூரில் பாசல் மிஷனார் 1865இல் தொடங்கிய ஓட்டுத் தொழில் உலகெல்லாம் பேர்பெற்றது. அந்த வகை ஓட்டை இங்குள்ளோரும் சுட்டு அடுக்கினர். புகைபோக்கிகள் தூரத்திலேயே தெரிந்தன.

சூளைக்காரரிடம் செங்கல்லைச் சோதிக்கும் விதத்தைக் கேட்டறிந்தேன், அன்பர்களுக்கும் பயன்படும். இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் உலோக ஓசை எழ வேண்டும். நகத்தாற் கீறினால் தடம் விழலாகாது. மூன்று நான்கடி உயரத்திலிருந்து மண்தரையில் போட்டால் உடையலாகாது. ஒரு நாள் முழுவதும் நீரில் ஊறவைத்து நிறுத்தால், தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நீர் குடித்திருக்கலாகாது. வீட்டுச் சுவரில் சாந்து பூசி மூடிவிடுவதால் சுமாரான கல்லும் பிழைத்துப் போகும். பாத்திக்கரையில் கல் ஓராண்டு முழுவதும் ஈரத்தில் நிற்கின்றது. வேகாத கல் இரண்டு மழையில் பொருபொருத்து மண்ணோடு மண்ணாகிவிடும். இதற்கு நேர்மாறானது ஒன்றுண்டு. நெருப்புக்கு மிக அருகில் இருந்து அளவுக்கு மீறி வெந்து, கறுத்து, கோணிப்போன கல். சுவர் கட்டுவோர் அதனைத் தொடமாட்டார்கள். ஆகவே மலிவு. நீரை மிகக் குறைவாகவே குடிக்கும் அக்கல், கோணலைப் பொறுத்துக்கொள்பவர்களுக்குத் தாழ்ந்த பாத்திக்கரைக்கு மிகவும் ஏற்றது. ஓரடி உயரத்துக்குட்பட்ட பாத்தி போடுகின்றவர்கள் இதனைக் கேட்டு வாங்குங்கள் என்று துணிந்து சொல்வேன்.

எனக்கு மட்டும் அது பொருந்தவில்லை. 10 அடி நீளமும் 3 அடி அகலமும் உள்ள பாத்தியின் சுற்றளவு 26 அடி. 16 அங்குல உயரம். உட்காரத் தக்க 9 அங்குலச் சுவராக எழுப்பினால் ஏறத்தாழ 370 கல் வேண்டும். கல் ஒன்று 10 ரூபாய் என்று வைத்தாலும் 3,700. வண்டிச் சத்தமும் கூலியும் தனி. பூச்சில்லாமல் அடுக்கிய சிறு கல் ஈர மண்ணின் தள்ளுதலுக்கு நிற்குமா என்ற ஐயமும் இருந்தது. மகன் ஒரு துண்டுச் செங்கல்லை நினைவுக்காகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அதற்காக வீட்டில் எங்கள் இருவருக்கும் பூசை நடந்தது.

சாலிட் பிளாக் என்று இங்கே எல்லோரும் சொல்கின்ற கான்கிரீட் கல்லையும் கணக்கிட்டேன். 16 அங்குல நீளம், 8 அங்குல உயரம், 6 அங்குல கனம். ஒன்று ஏறத்தாழ 25 கிலோ இருக்கும். ஆதலால் பூச்சில்லாமலே அசையாது நிற்கும். இரண்டு வரிசைக்கு 40 கல் போதும். எங்கள் தெருமுனைக் கடையில் ஒன்று 40 ரூபாய், ஆக 1,600. இதைவிட மலிவான உறுதியான கரை பெங்களூரில் நான் காணவில்லை. முழுவதும் அதனாலேயே செய்திருந்தால் பணமும் மிஞ்சியிருக்கும். இதனை மறைத்து எழுதுவது முறையன்று. ஒரு கல்லைக் கொண்டுவந்து தாயாரிடம் காட்டினேன். அவர் அதன்மேல் முழங்கையை ஊன்றிப் பார்த்துவிட்டு, "அரம் மாதிரி இருக்குதே, தோலு போயிடும்" என்றார். பிறகு, யாரிடமோ சொல்வது போல, "நம்ம கேணி மேட்டுல ஒரு பலகைக்கல்லு கெடந்துதே, எவ்வளோ வெயில்லயும் சில்லுனு இருக்கும்" என்றார்.

அந்தச் சொல்லோடு தேவனஹள்ளிச் சாலைக்குப் பேருந்து ஏறினேன். விமான நிலையம் 2008இல் அங்கே திறந்தபின் அந்தச் சாலையின் இருபுறமும் வயல்கள் மனைகளாகிக்கொண்டிருக்கின்றன. பெங்களூர், கோலார் வட்டாரத்து வயல்களுக்கு ஒரு தனியடையாளம் உண்டு. முள்வேலிக்குப் பதிலாக, ஓராள் உயரப் பலகைக்கற்களை ஒன்றோடொன்று நெருக்கி வரிசையாக நட்டிருப்பார்கள். சப்படி என்பது அக்கல்லுக்குக் கன்னடப் பெயர். வயல் விலைபோனவுடன் வேலி பிடுங்கப்படுகின்றது. நல்ல சப்படிகள் மறுவிலைக்குப் போகும். முனை உடைந்தவையும் பாதியாகப் பிளந்தவையும் கற்கடை மூலைகளில் குவிந்து கிடக்கும். உடைந்தவற்றை எவரும் கேட்பதில்லை. நான் கேட்டேன்.

அந்தக் கற்கடையில் வேலை செய்யும் முதியவர் தமிழர், கிருஷ்ணகிரிப் பக்கம். என் தேவையைக் கேட்டுக்கொண்டு, "உக்கார்றதுக்கா கேக்கறீங்க? அப்படின்னா நானே பொறுக்கித் தர்றேன், ஐயா" என்று எழுந்தார். ஒவ்வொரு கல்லையும் சிறு சுத்தியலால் தட்டினார். "மணி மாதிரி கேட்டா நல்ல கல்லு. பொத்துனு கேட்டா உள்ள வெடிப்பு ஓடியிருக்குது, வைக்காதீங்க." அவருடைய பாட்டனார் காலத்தில் இந்தப் பலகைகளை வெடிவைத்து எடுக்கவில்லையாம். பாறையின் மேல் விறகை வரிசையாக அடுக்கி நெருப்பிட்டு, நெருப்பைச் சிறிது சிறிதாக முன்னே நகர்த்திக்கொண்டே போவார்கள். சூட்டினால் மேற்பகுதி விரிந்து அடிப்பாறையிலிருந்து பிரியும். சுத்தியலால் தட்டி, ஓசை மாறுவதைக் கொண்டே எதுவரை பிரிந்தது என்று அறிவார்கள். பிரிந்த பெரும்பலகையைப் பின்னர் உளிவரிசை போட்டுப் பிளப்பார்கள். இது கதையென்று எண்ணிவிட வேண்டாம். பெங்களூருக்கு அருகே இம்முறையில் கல்லெடுப்பதை நேரிற் கண்ட ஒருவர் 1895இல் இலண்டன் 'நேச்சர்' இதழில் விவரித்து எழுதியிருக்கின்றார். காதினால் கல்லை அறியும் அந்த வித்தை, உடைந்த சப்படி பொறுக்கும் கிழவரின் கையில் இன்னும் இருக்கின்றது.

2 அடி உயரமுள்ள துண்டுகள் 17, உட்காருவதற்கு 4 அடி நீளமும் 16 அங்குல அகலமும் உள்ள வழவழப்பான பலகை ஒன்று. எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய் என்று பேசி முடித்தார். எல்லாம் 2 அங்குல கனம். சிறு சரக்கு வண்டிக்கு 600. உட்காரும் மேடைக்காகச் சாலிட் பிளாக் 14, அது 560. அடுக்கித் தர வந்த கொத்தனாருக்கு அரைநாட் கூலி 800. கூட்டிப் பார்த்தால் 3,460 ரூபாய். வகுத்த வரம்புக்குள் 40 ரூபாய் மிச்சம். அதற்கு எல்லோரும் தேநீர் குடித்தோம்.

அடுக்கிய விதம் இது. சப்படிக்கு ஒரு சாணுக்குச் சற்றுக் குறைய, அதாவது 8 அங்குலம், குழி தோண்டி நிறுத்தினோம். மேலே 16 அங்குலம் நின்றது. மூன்றில் ஒரு பங்கு புதையாவிட்டால் ஈரமண் கல்லை வெளியே சாய்த்துவிடும் என்றார் கொத்தனார். கல்லை நேர்நட்டமாக வைக்காமல் மிகச் சிறிதளவு உட்புறம் சாய்த்தார்; மண் நிரம்பியபின் தானே நேராகும் என்று. அப்படியே ஆயிற்று. கோணல் முனைகளால் விழுந்த இடுக்குகளில் செங்கல் துண்டுகளைச் செருகினோம். மகனுடைய மாலூர்த் துண்டும் அங்கேதான் சேர்ந்தது. இடுக்குகள் நீர் வடிவதற்கும் ஆயின. நீண்ட பக்கம் ஒன்றின் நடுவில் 4 அடிக்குச் சப்படிக்குப் பதிலாக மேடை. கீழ்வரிசையில் ஆறு பிளாக்குகளை நீளவாக்கில் இரட்டை வரியாகவும், மேல்வரிசையில் எட்டுப் பிளாக்குகளைக் குறுக்குவாக்கிலும் வைத்து, அவற்றின்மேல் பலகைக்கல். இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழாததால் பூச்சு தேவைப்படவில்லை. பலகை அறுபது எழுபது கிலோ எடையுள்ளது. அதன்மேல் நான் நின்று குதித்துப் பார்த்தேன். கொத்தனாரை நிறுத்திப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பருமனான நண்பரையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அவர் காரணம் கேட்டார், நான் சொல்லவில்லை.

கரையைவிட மண்ணுக்கே செலவு மிகுதி என்பதனையும் எச்சரித்துவிடுகின்றேன். 40 கன அடி வேண்டியிருந்தது. சரிந்த பழைய பாத்தியின் மண் பாதிக்கு உதவிற்று. மீதிக்குச் செம்மண்ணும் மக்கிய சாணமும் தென்னைநார்க் கழிவும் இரண்டு மாதத்தில் சிறிது சிறிதாக வந்தன. அடியில் நான்கு விரற்கடைக்குக் காய்ந்த இலைகளை அடைத்தேன். நம் தெருக்களில் தூங்குமூஞ்சி மரங்கள் அவற்றை இலவசமாக உதிர்க்கின்றன. பெருக்குகின்றவரிடம் சொல்லி வைத்தால் கோணிப்பையில் கட்டித் தருவார். சித்தாபுரத்துப் பெரியவர் சொன்னது மார்ச்சு மாதத்தில் பலித்தது. கற்கரை வெயிலில் சூடேறி, ஓரத்து மண்ணை ஒரு பகலில் உலர்த்திவிட்டது. நிலக்கடலைத் தொலியால் மூடாக்குப் போட்ட பின்பு இரண்டு நாளைக்கு ஒருமுறை நீர் போதுமானதாயிற்று.

இதையெல்லாம் செய்துகொண்டிருந்த நாள்களில் தாயார் சன்னலருகே வந்து பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். நானும் அழைக்கவில்லை. என் மனைவி மட்டும், "என்னங்க, அத்தையைக் கூப்பிடக் கூடாதா?" என்று இரண்டு முறை கேட்டாள். விழுந்தவரை அழைக்கும் துணிவு எனக்கு வரவில்லை. ஏப்ரலில் ஒருநாள் மாலை பணி முடிந்து வந்தேன். வாசற்படியில் அவர் இல்லை. திடுக்கிட்டுக் கொல்லைக்கு ஓடினேன். பலகைக்கல்லின்மேல் ஒருக்களித்து அமர்ந்து, ஒரு கையைக் கல்லில் ஊன்றியபடி, மறுகையால் கீரைக்குள் களை பறித்துக்கொண்டிருந்தார். மகன் பக்கத்தில் உட்கார்ந்து பறித்ததை வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "இது சூடாத்தான்டா இருக்குது, நம்ம கேணிக்கல்லு மாதிரி இல்லே" என்றார். எழுந்திருக்கவில்லை.

ஆடியில் அவரை ஊன்றினார். விதை ஊரிலிருந்து வந்தது. இங்கே மார்கழி, தை மாதங்களில் பெங்களூர் முழுவதும் அவரை மணக்கும். தள்ளுவண்டிகளில் குவியல் குவியலாக அதனை விற்பதும், வீடுகளில் விதையை ஊறவைத்துத் தோல் பிதுக்குவதும் கன்னடத்தார்க்குத் திருவிழாப் போன்றவை. எங்கள் கொடி அவர்களுடைய வகையினின்றும் சற்று வேறானது. எதிர்வீட்டுக் கன்னடத்து மூதாட்டி அதைப் பார்க்க வந்தார். அவருக்கும் முழங்கால் வலி. இவருக்குக் கன்னடம் வராது. அவருக்குத் தமிழ் வராது. ஆயினும் இருவரும் அந்த நான்கடிப் பலகையில் நெருங்கியமர்ந்து ஒரு மணி நேரம் பேசியிருக்கின்றனர்.

அன்றிரவு தாயார் கேட்டார்: "ஏண்டா, அந்தத் தேவனள்ளிக் கெழவருகிட்ட இன்னொரு பலகைக்கல்லு கெடைக்குமா? அந்தப் பக்கத்துக்கும் ஒண்ணு போட்டா, அந்தம்மா எதுக்கால உக்காரும்."

வருகின்ற ஞாயிற்றுக்கிழமை போவதாகச் சொல்லியிருக்கின்றேன்.